503 கழித்தல் 267: கணக்கு, அறிவியல் ஆசிரியர்களோடு உட்கார்ந்து கற்றவை

கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒரே மாவட்டம் இல்லை. பெரியதும் சிறியதுமாகப் பல மாவட்டங்கள். எங்கே போனாலும் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி, "இதுவரை எத்தனை பேருக்குப் பயிற்சி முடிந்திருக்கிறது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது சுலபம், வருகைப் பதிவேட்டை நீட்டினால் முடிந்தது. அந்தப் பயிற்சிக்கு அப்புறம் ஏதாவது ஒரு பிள்ளை ஏதாவது ஒரு கணக்கை வேறு விதமாக யோசிக்கிறதா என்று கேட்டால்தான் அறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பயிற்சிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. மிக நல்ல பயிற்சிகளைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் அவை கீழே இறங்கி வரும் வழியில் இருக்கிறது. மேலே ஒருவர் சிலருக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு, அந்தச் சிலர் வட்டார அளவில் எல்லா ஆசிரியர்களுக்கும். முதல் நிலையில் தரையில் உட்கார்ந்து காகிதத்தை மடித்து, வெட்டி, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிப் பின்னம் கற்றவர்கள், அடுத்த நிலையில் அதையே திரையில் படமாகக் காட்டுவார்கள். அதற்கும் அடுத்த நிலையில், "நேரம் இல்லை, பிடிஎஃப் குரூப்பில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதோடு முடிந்துவிடும். காகிதத்தை மடிக்கும்போது வந்த சந்தேகங்கள்தான் அந்தப் பயிற்சியின் சத்து. அது முதல் அறையைத் தாண்டி வெளியே வருவதே இல்லை.

சில மாவட்டங்களில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் தொடங்கினோம். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. அருகருகே இருக்கும் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவார்கள். பேச்சாளர் கிடையாது, திரை கிடையாது. வரும்போது கையில் கொண்டுவர வேண்டியது பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்குகள். முத்து முத்தான எழுத்தில் எல்லாம் சரியாக இருக்கும் நோட்டு வேண்டாம் என்பது மட்டும்தான் விதி. இந்த விதியை முதலில் யாரும் நம்பவில்லை. பலர் அட்டை போட்ட, அழகான நோட்டைத்தான் எடுத்து வந்தார்கள். தப்பான நோட்டைக் காட்டினால் தன் மேல்தான் குறை வரும் என்ற பயம் அவ்வளவு ஊறியிருக்கிறது.

அந்தப் பயம் கொஞ்சம் கலைந்த பிறகு நடந்த ஒரு கூட்டத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைத்தது.

503 − 267. இந்த ஒரு கணக்கைத்தான் எல்லாப் பள்ளிகளிலும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கொடுத்திருந்தார்கள். விடைத்தாள்களை மேஜையில் பரப்பி, விடை வாரியாகப் பிரிக்கச் சொன்னோம். சரியான விடை 236. அந்தக் கட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தப்பான விடைகளை மட்டும் பார்த்தால், அவை ஆளுக்கொரு விதமாகச் சிதறியிருக்கவில்லை. மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வந்தன: 364, 246, 336. வேறு வேறு பள்ளி, வேறு வேறு ஆசிரியர், ஆனால் அதே மூன்று எண்கள்.

"எல்லாம் கவனக்குறைவு சார்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், "இல்ல சார், கவனக்குறைவா இருந்தா எல்லாரும் ஒரே எண்ணை எழுத மாட்டாங்க" என்றார். சரி, அந்தப் பிள்ளை என்ன நினைத்திருந்தால் இந்த எண் வரும் என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம்.

364 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இலக்க ஜோடியிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 5-லிருந்து 2 போனால் 3. அடுத்து 0, 6. ஆறிலிருந்து சுழியம் போனால் 6. கடைசியில் 3, 7. ஏழிலிருந்து மூன்று போனால் 4. மேலே எது, கீழே எது என்ற கவலையே இல்லை. அதற்கு 503 என்பது ஒரு எண்ணே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று இலக்கங்கள்.

246 எழுதிய பிள்ளை வெகுதூரம் வந்துவிட்டது. ஐந்து நூறுகளில் ஒன்றை உடைத்துப் பத்து பத்துகளாக்கியிருக்கிறது, ஒன்றுகளின் இடத்தில் 13 வைத்து 7 கழித்து 6 எழுதியிருக்கிறது. அந்த 13-க்காகப் பத்துகளிலிருந்து ஒன்று போய்விட்டதை மட்டும் மறந்துவிட்டது. 9-லிருந்து 6 கழிக்காமல் 10-லிருந்து 6 கழித்திருக்கிறது.

336 தான் எல்லோரையும் அதிக நேரம் உட்கார வைத்தது. ஒன்றுகள் சரி: 6. பத்துகள் சரி: 9-லிருந்து 6 போனால் 3. நூறுகளில் 5 கழித்தல் 2, மூன்று. அதாவது சுழியம் 9 ஆகிவிட்டது, ஆனால் நூறு குறையவே இல்லை! "சுழியத்தின் மேல் கோடு போட்டு 9 எழுது" என்ற செய்முறையைப் பிள்ளை சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த 9 எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் யாரும் சொன்னதில்லை.

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் அனுபவசாலிகள். கழித்தல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர்களும் உண்டு. அவர்களே, "இதுவரை மூன்றையும் ஒரே தப்பாத்தான் நினைச்சேன், மூணு பேருக்கும் கடன் வாங்குறதை முதல்ல இருந்து சொல்லிக்கொடுத்தேன்" என்றார்கள். 336 எழுதிய பிள்ளைக்கு அந்தச் செய்முறையை மறுபடி சொன்னால் ஒன்றும் ஆகாது. அது செய்முறையைத்தானே பின்பற்றியது.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-லேயே அமெரிக்காவில் இதை ஒரு கணினி நிரல் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கழித்தல் தப்புகளில் பல மனம்போன போக்கில் வருவதில்லை, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகிறது என்று காட்டினார்கள். நிரல்களில் வரும் பிழைக்கு வைத்த 'பக்' (bug) என்ற பெயரையே இந்தத் தப்புகளுக்கும் வைத்தார்கள். பயிற்சியில் நான் இதை ஒரு தகவலாகச் சொன்னபோதெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டதோடு சரி. விடைத்தாள்களை அவர்களே பிரித்தபோதுதான் அது அவர்களுடைய விஷயமானது.

அடுத்த கூட்டத்துக்குள் ஆளுக்கொரு வழியை வகுப்பில் செய்து பார்த்துவிட்டு வந்தார்கள். குச்சிக் கட்டுகளை வைத்து நூறை உடைத்துக் காட்டியது ஒருவர். எண்கோட்டில் 267-லிருந்து தாவச் சொன்னது இன்னொருவர்: மூன்று தாண்டினால் 270, முப்பது தாண்டினால் 300, இருநூறு தாண்டினால் 500, இன்னும் மூன்று, மொத்தம் 236. ஒரு டீச்சர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு எண்களிலிருந்தும் நான்கைக் கழித்துவிட்டு 499 − 263 என்று எழுதி, "இப்போ கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லையே, விடை மாறுமா மாறாதா?" என்று பிள்ளைகளையே கேட்டிருக்கிறார். மாறும் என்று பாதி, மாறாது என்று பாதி, முழு பீரியடும் அந்தச் சண்டையிலேயே போயிருக்கிறது. "போர்ஷன் முடிக்கலையே என்று பயமாத்தான் இருந்தது" என்றார். வித்தியாசம் என்றால் இரண்டு எண்களுக்கு இடையில் உள்ள தூரம் என்பதை அந்த வகுப்பு அன்று பிடித்துக்கொண்டது. போர்ஷனில் அதற்கு இணையாக வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-ல் ஒன்றை எடுத்துச் சொன்னார். கணக்குத் தெரிந்திருப்பது ஒரு அறிவு. வகுப்பை நடத்தத் தெரிந்திருப்பது இன்னொரு அறிவு. இரண்டும் சேர்ந்தாலும் போதாது. இந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே இடறும், எந்த எடுத்துக்காட்டு எடுபடும், எது குழப்பும் என்பது மூன்றாவது அறிவு. பயிற்சித் திட்டங்களைப் பாருங்கள், ஒன்று பட்டப்படிப்பு அளவு கணக்கு இருக்கும், இல்லாவிட்டால் ஊக்கமூட்டும் பேச்சும் விளையாட்டும் இருக்கும். 336 எப்படி வருகிறது என்பது இரண்டிலும் இருக்காது.

பிள்ளைகளின் தப்புகளிலிருந்து பாடத்துக்குப் போனோம். ஜப்பானில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கும் வழக்கம்: சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள், முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். பாட ஆய்வு என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். 1995-ல் நடந்த, பல நாட்டுப் பிள்ளைகளின் கணக்கு, அறிவியல் கற்றலை ஒப்பிடும் டிம்ஸ் சர்வதேச ஆய்வின் பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாடுகளிலும் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்கள் 231-ஐ வீடியோ எடுத்தார்கள். ஜப்பானிய வகுப்புகளில் ஆசிரியர் வழியைச் சொல்வதற்கு முன் பிள்ளைகளே கணக்கோடு மல்லுக்கட்டும் நேரம் நிறைய இருந்தது. அதற்கு அப்புறம்தான் வெளியுலகம் இந்த வழக்கத்தைத் திரும்பிப் பார்த்தது.

செய்து பார்த்ததில் ஒன்று சொல்வேன். பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது ஆய்வாளர் வருகை. ஆசிரியரின் முகமும் கரும்பலகையும்தான் தெரியும், குறிப்பும் அதைப் பற்றித்தான் வரும்: "குரல் வளம் நன்று, கரும்பலகைப் பயன்பாடு நன்று." பக்கவாட்டில் நின்று, ஆளுக்கு மூன்று நான்கு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் நோட்டில் எழுதுவதை மட்டும் பார்த்தால் பேச்சே வேறாகிவிடும். அதனால் கலந்துரையாடலில் "சார் நல்லா நடத்தினாங்க", "இன்னும் நல்லா நடத்தியிருக்கலாம்" இரண்டுக்கும் தடை போட்டோம். "மூன்றாவது பெஞ்சில் இருந்த பொண்ணு நாலில் மூன்றையும் எட்டில் ஆறையும் தனித்தனியா வரைஞ்சுட்டு, ரெண்டும் ஒண்ணுதானான்னு பக்கத்துல கேட்டா" என்கிற மாதிரி, கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும். நடத்தியவருக்கும் அது சுடாது, ஏனென்றால் பேச்சு அவரைப் பற்றியதே இல்லை.

பார்த்துக் குறிக்கிறவர்கள் இன்னொன்றையும் அளக்கலாம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்கள் திறந்தார்கள். செலவில்லாத மாற்றம், ஆனால் அந்த மூன்று விநாடி மௌனம் ஆசிரியருக்கு மூன்று நிமிஷம் மாதிரி இருக்கும். நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்காமல் இது பழக்கமாவதில்லை.

அறிவியலுக்கு வருவோம். இங்கே கதை கொஞ்சம் வேறு. கணக்கில் கருவி, சாமான் இல்லாமலும் ஓட்டிவிடலாம். அறிவியலில் சாமான் வந்து சேர்ந்திருக்கும், ஆனால் பீரோவில் இருக்கும். உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் யார் பதில் சொல்வது? உடைந்த சோதனைக்குழாய்க்குக் கணக்குக் கேட்க மாட்டோம் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து எழுத்தில் ஒரு வரி வந்த இடங்களில் பீரோ திறந்தது. வாய்மொழியாகச் சொன்ன இடங்களில் திறக்கவில்லை. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சோதனையைச் செய்து காட்டுவதே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஹார்வர்டில் எரிக் மசூரின் குழு இதைச் சோதித்து 2004-ல் வெளியிட்டது. இயற்பியல் வகுப்பில் செய்துகாட்டலை வெறுமனே பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகமாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யூகித்துச் சொன்னவர்களுக்குத்தான் புரிதல் கூடியது. ஆகவே எங்கள் அறிவியல் குழுக்களில் ஒரு ஒழுங்கு வைத்தோம். தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன், சுவிட்சைப் போடுவதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் தன் யூகத்தையும் காரணத்தையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னால் கணக்கில்லை, வாயால் சொன்னதை மாற்றிக்கொள்வது சுலபம்.

இந்த ஒழுங்கு ஆசிரியர்களுக்கும்தான். மெழுகுவத்திச் சோதனையை எல்லோரும் செய்திருப்போம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது, அது இருந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ஒரு குழுவில், "அப்படியானால் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்தால்?" என்று எழுதச் சொன்னோம். டம்ளருக்குள் இருக்கும் ஆக்ஸிஜன் அதேதான், ஆகவே தண்ணீரும் அதே அளவுதான் ஏறும் என்று பலர் எழுதினார்கள். சொன்ன விளக்கத்தின்படி அதுதானே நியாயம்.

மூன்று வைத்ததும் தண்ணீர் நன்றாகவே மேலே ஏறியது. அறை கொஞ்ச நேரம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. மறுபடி மறுபடி செய்தார்கள். உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கியதும் மற்றதும் கண்ணில் பட்டது: சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை, அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறுகிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறுகின்றன. சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பெரும்பங்கு இதுதான். ஆக்ஸிஜன் முழுக்கத் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடும், எரிந்ததற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்து சேர்கிறது.

"அப்போ ஐந்தில் ஒரு பங்கை எப்படிக் காட்டுறது?" என்று அடுத்த கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. ஈரப்படுத்திய இரும்புக் கம்பிச் சுருளைச் சோதனைக்குழாயின் அடியில் திணித்து, தண்ணீரில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். துருப்பிடிக்கும்போது ஆக்ஸிஜன் செலவாகும், சூடாக்கும் வேலையும் இல்லை. ஓரிரு நாளில் தண்ணீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறி நின்றுவிடும். பாத்திரம் தேய்க்க விற்கும் சுருள்களில் பல துருப்பிடிக்காத எஃகு. அதை வைத்தால் எத்தனை நாள் ஆனாலும் ஒன்றும் நடக்காது. வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.

பாடநூலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தனக்கு உறுதியாகத் தெரியும் என்று நினைத்தது தன் கண் முன்னாலேயே கவிழ்வதை ஆசிரியர் அனுபவித்திருந்தால்தான், பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுவார். சக ஆசிரியர்கள் மத்தியில் அது கவிழ்ந்தால் கூச்சம் இல்லை.

இனி மாவட்ட அளவில் எது கைகொடுத்தது, எது கெடுத்தது என்று பார்ப்போம். கெடுத்தது தரவரிசை. மாதத் தேர்வில் எந்த மாவட்டம் முதலிடம் என்று பட்டியல் போட்ட உடனே, குழுக்களுக்குத் தப்பான விடைத்தாள்கள் வருவது நின்றுவிட்டது. யார் கொண்டுவருவார்கள்? பட்டியலை நிறுத்த முடியாத இடங்களில், குறைந்தபட்சம் குழுக்களில் பயன்படுத்தும் கேள்விகளைத் தேர்விலிருந்து முற்றாகப் பிரித்து வைத்தோம். பள்ளிப் பெயர், பிள்ளை பெயர் எதுவும் இல்லாமல் விடைகளை மட்டும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாற்றிக்கொண்டோம். மதிப்பெண்ணைப் பகிர்ந்தால் போட்டி வருகிறது. விடையைப் பகிர்ந்தால், "அட, உங்க ஊர்ப் பிள்ளைங்களும் இதையேதான் எழுதுதா" என்ற பேச்சு வருகிறது.

கேள்வி எப்படிப்பட்டது என்பதில் மெனக்கெட வேண்டும். 8 + 4 = □ + 5 என்று கொடுத்துப் பாருங்கள். பெட்டிக்குள் 12 எழுதுவார்கள், சிலர் 17 எழுதுவார்கள். 7 எழுதுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருப்பார்கள். சமக்குறி என்றால் "இதோ விடை வருகிறது" என்று பொருள் கொண்டிருக்கும் பிள்ளை இன்னும் ஓரிரு வருடத்தில் இயற்கணிதத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறது என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும். பென்சிலை அளவுகோலின் 2-லிருந்து 7 வரை படுக்க வைத்துப் படம் போட்டு நீளம் கேளுங்கள். 7 என்பவர் முனையை மட்டும் படிக்கிறார், 6 என்பவர் கோடுகளை எண்ணுகிறார், இடைவெளியை எண்ணுகிறவர்தான் 5 என்பார்.

தசமத்தில் ஒரு கேள்வி போதாது. 0.45, 0.5 இரண்டில் எது பெரியது என்றால் 45 ஐந்தைவிடப் பெரியது என்று 0.45-ஐச் சொல்லும் பிள்ளைகள் உண்டு, இது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். 0.5 என்று சரியாகச் சொல்கிற பிள்ளைகளிலும் சிலர், தசமத்தில் இலக்கம் குறைவாக இருப்பதுதான் பெரியது என்று ஒரு விதி வைத்திருப்பார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் விக்கி ஸ்டைன்லி, கே ஸ்டேஸி இருவரும் இந்த வகைகளையெல்லாம் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கூடவே 0.3, 0.75 எது பெரியது என்று கேட்டால் அந்தப் பிள்ளை 0.3 என்று மாட்டிக்கொள்ளும். தேர்வில் முதல் கேள்வி மட்டும் இருந்திருந்தால் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

கைகொடுத்தது கால அட்டவணை. கேட்க அற்ப விஷயம் மாதிரி இருக்கும். குழுக்கூட்டம் பள்ளி நேரத்துக்குள், மாதத்தின் குறிப்பிட்ட ஒரு நாளில், ஆண்டு அட்டவணையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். விடுமுறை நாளில், மாலையில், "முடிந்தவர்கள் வாருங்கள்" என்று வைத்தால் ஆர்வமுள்ளவர்கள் மட்டும் வருவார்கள், அவர்களும் கொஞ்ச நாளில் களைத்துப்போவார்கள். அந்த நாளில் அலுவலகம் வேறு வேலை கொடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மேலதிகாரியின் ஆகப் பெரிய பங்களிப்பு. கூட்டத்துக்கு அவர் வரவே வேண்டாம். வந்தால் தானும் ஒரு கட்டு விடைத்தாளை எடுத்துப் பிரிக்க வேண்டும் என்று ஒரு மாவட்டத்தில் சொல்லிவிட்டோம். வந்தவர் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்து பிரித்தார். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகள் வருகைப் பதிவேட்டைப் பற்றி இல்லை.

தலைமையாசிரியர் விஷயமும் அப்படித்தான். கணக்கு வகுப்பில் சத்தமாக இருந்தால் கட்டுப்பாடு இல்லை என்று நினைக்கும் தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியில், 499 − 263 சண்டை நடக்காது. அவரையும் ஒரு பாட ஆய்வில் நான்கு பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டால் போதும், விளக்கம் தேவைப்படாது.

பணியிட மாறுதல் தீராத தலைவலி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழு, இரண்டு பேர் மாறுதலில் போனதும் படுத்துவிடும். இதற்கு முழுத் தீர்வு எங்களிடம் இல்லை. ஓரளவு உதவியது, ஒவ்வொரு குழுவும் பாடவாரியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டதுதான். கேட்ட கேள்வி, வந்த தப்பு விடைகள், அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும், என்ன செய்து பார்த்தோம், எடுபட்டதா இல்லையா என்று கையெழுத்தில், அவரவர் பேசும் மொழியில். புதிதாக வருகிறவர் பயிற்சிக் கையேட்டைப் படிக்க மாட்டார், இதைப் படிப்பார். மாறுதலில் போகிறவர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவார். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது இந்த நோட்டுகள்தான். திட்டத்தின் பெயர், சின்னம், வழிகாட்டு நெறிமுறை எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப்போன இடங்களில் பேனர் மட்டும் மிஞ்சியது.

ஒரே ஒரு கணக்கு ஆசிரியர் இருக்கும் சின்னப் பள்ளிகளை இதில் மறந்துவிட வேண்டாம். பேச ஆள் இல்லாமல் வருடக் கணக்கில் தனியாக நடத்துகிறவர்கள் அவர்கள். தொலைவு அதிகம் என்றால் போனிலாவது குழுவில் சேர்த்துக்கொள்ளலாம், விடைத்தாளைப் படம் பிடித்து அனுப்புவது பெரிய வேலை இல்லை. மற்றவர்களைவிட அவர்கள் குழுவை விடாமல் பிடித்துக்கொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: கணக்கில் பின்னத்தில் தொடங்குங்கள். ராபர்ட் சீக்லரும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாடுகளின் தரவுகளை வைத்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தது என்பது பல வருடம் கழித்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எப்படி வரும் என்பதை முன்கூட்டிச் சொன்னது. குடும்ப வருமானம், பொது அறிவுத்திறன் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான் இருந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் ஒரே மேஜையில் உட்காரப் பின்னத்தைவிட நல்ல காரணம் கிடைக்காது. "கீழ் வகுப்புல ஒழுங்கா சொல்லிக்கொடுக்கலை" என்ற பழைய புகார் முதல் கூட்டத்தில் வரத்தான் செய்யும். வரட்டும். விடைத்தாள்களைப் பிரிக்கத் தொடங்கினால் அது தானாக அடங்கிவிடும்.

அறிவியலில் மின்சுற்று. ஆளுக்கு ஒரு பேட்டரி செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர். ஹோல்டர் கிடையாது, இரண்டாவது ஒயரும் கிடையாது. பல்பை எரிய வைக்கச் சொல்லுங்கள். வகுப்புக்குப் போகும் முன் ஆசிரியர்களே செய்து பார்க்கட்டும். அதற்கும் முன்னால் எப்படி இணைத்தால் எரியும் என்று படம் வரைந்துவிடட்டும். பல்பில் மின்சாரம் உள்ளே போக ஒரு இடம், வெளியே வர இன்னொரு இடம் என்று இரண்டு இடங்கள் இருப்பதைப் பலர் அப்போதுதான் பார்ப்பார்கள். பல்பு மட்டும் இழை உள்ள பழைய வகையாக இருக்க வேண்டும். இப்போது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் தேவை, 1.5 வோல்ட் செல் ஒன்றில் அது எரியாது, முனை மாற்றி வைத்தாலும் எரியாது. இழை பல்பு கிடைக்கும்போது மொத்தமாக வாங்கிக் குழுவுக்கு ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். பீரோவில் வேண்டாம்.